இரண்டுக்கும் ஒரே மருந்து

ஆளுக்கு ஒரு டப்பாதான் என்று துப்பாக்கிக் கடைக்காரி ரூத் காலையிலேயே அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தாள். வரிசையில் நின்றபடி அதைப் படித்த பிறகும் தெய்வேந்திரனின் மனசு, பழக்க தோஷம், இரண்டு பேருக்கும் ஆகிற மாதிரி ஒன்றைத்தான் அலமாரியில் தேடிக்கொண்டிருந்தது. வெட்கங்கெட்ட மனசு. நேற்றுச் சாயங்காலம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா? இனி யாருக்காக இரண்டுக்கும் ஆகிற மருந்து? அவனுடைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு எது பொருந்துமோ அதை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே. குப்புராஜின் ரிவால்வர் அவன் கையிலேயே வெடித்துச் சிதறிக் கிடக்கிறது, அதற்கு மருந்து ஒரு கேடா. ஆனால் கண் கேட்டால்தானே. மேல் தட்டில் உயரமான கறுப்பு டப்பா, நைசாக, மணல் மாதிரி கனமாக இறங்கும், அது குப்புராஜுக்குப் பிடித்தது. கீழ்த் தட்டில் குட்டையான சிவப்பு டப்பா, செதில் செதிலாக, அவல் மாதிரி இடத்தை அடைத்துக்கொள்ளும், அது இவனுக்குப் பிடித்தது. இரண்டுமே துப்பாக்கிக்கும் ஆகும், ரிவால்வருக்கும் ஆகும். பென்சில்வேனியாவின் இந்த மூலையில் மருந்துத் தட்டுப்பாடு வந்த நாளிலிருந்து, இரண்டு டப்பா கிடைக்காத ஊரில் ஒரே டப்பாவில் இரண்டு குடும்பத்தை ஓட்டுவது எப்படி என்று இரண்டு தமிழர்கள் மணிக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். சண்டையில் ஜெயிப்பது எப்போதும் குப்புராஜ்தான். அவன் குரல் அப்படி.

துப்பாக்கி சுடும் கிளப்பில் அவன் பெயர் கூப், இவன் பெயர் டேவ். வெள்ளைக்காரர்களுக்கு நடுவே தமிழ் தெரிந்த ஆண்பிள்ளைகள் இவர்கள் இரண்டு பேர்தான். இவன் பறக்கிற களிமண் தட்டுகளைச் சுடுவான், அவன் ரிவால்வரால் காகித வட்டங்களைச் சுடுவான். சுட்ட வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கி வந்து, சனிக்கிழமைச் சாயங்காலம் குப்புராஜ் வீட்டுக் கராஜில் ஆளுக்கொரு கைப்பிடி மெஷினில் உட்கார்ந்து, புதிதாக மருந்தும் ஈயமும் அடைப்பார்கள். உள்ளே அவன் மனைவி பூங்கொடி தோசை ஊற்றுவாள். மருந்து என்று சொல்ல ஆரம்பித்தவன் இவன்தான். கோயமுத்தூர்க்காரன் குப்புராஜ் முதலில் பவுடர், பவுடர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். "பவுடர் உங்க வீட்டம்மா மூஞ்சிக்குப் போடுறதுப்பா, இது மருந்து. சாத்தூர்ப் பக்கம் வந்து கேட்டுப் பாரு, மருந்து ரூம், மருந்துக் கலவை, மருந்து அடைக்கிறதுன்னுதான் சொல்வோம்" என்று இவன் கேலி செய்தான். "என்றா இது, சீக்காளி பேசற மாதிரி" என்று அவன் சிரித்தான். பிறகு அவனுக்கே அந்தச் சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. மருந்து தீந்துருச்சுடா தேவா. மருந்து ஈரமாயிருச்சுடா. அந்த நாக்குதான் நேற்று, கிளப்புக்கு வராதே என்கிறார்கள் என்று இவன் போனில் சொன்னபோது "பாத்துக்கலாம் விடுடா" என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டது. வலி மாத்திரை மயக்கமாக இருக்கும். அல்லது இல்லை. என்ன எழவோ, நேற்றிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

வால்ட்டர் கெட்டவரில்லை. கிளப் செயலாளர், நேற்றுப் போனில் தொண்டையைச் செருமிச் செருமித்தான் சொன்னார். டேவ், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிகிற வரைக்கும் நீ சுடுதளத்துக்கு வராமல் இருப்பது நல்லது. கூப்பின் ரிவால்வர் வெடித்ததற்குக் காரணம் ஒரு தோட்டாவில் இரண்டு தடவை பவுடர் விழுந்ததுதான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பவுடரைப் போட்டது நீ என்று கூப்பின் மனைவியே ஆஸ்பத்திரியில் என்னிடம் சொல்லிவிட்டார். நான் என்ன செய்யட்டும்? இவன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தான், ஏதோ போன் செய்த தப்பு மாதிரி. நானா? நான் அன்றைக்கு ரிவால்வர் மெஷின் பக்கமே திரும்பவில்லையே. எனக்கு முதுகுப் பக்கம் உட்கார்ந்து, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தன்னைப் பாதுகாப்பு அதிகாரியாக்க யார் யார் கை தூக்குவார்கள் என்று எண்ணிக்கொண்டே கைப்பிடியை இழுத்தவன் அவன். பேச்சு சுவாரசியத்தில் ஒரே தோட்டாவுக்கு இரண்டு தடவை இழுத்திருப்பான். கறுப்பு டப்பா மருந்து கொஞ்சமாகக் குழிக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும், இரண்டு பங்கு விழுந்தாலும் வெளியே தெரியாது. அதனால்தானே சிவப்பு, சிவப்பு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அது இரண்டாம் தடவை விழுந்தால் வாய் வழியப் பொங்கிக் காட்டிக்கொடுக்கும். கனமானதுதான் ஒரு டப்பாவில் நிறைய நாள் வரும், உனக்குக் கணக்கே தெரியாதுடா என்றான். டார்ச் அடித்து ஒவ்வொரு குழியாகப் பார்த்துவிட்டுக் குண்டை வையப்பா என்றேன். நான் என்ன புதுசா என்றான். இதையெல்லாம் வால்ட்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆங்கிலம் இல்லாமல் இல்லை. அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள் என்ற பிறகு எந்த மொழியும் வரவில்லை.

பூங்கொடி ஏன் அப்படிச் சொன்னாள்? வரிசை ஓரடி நகர்ந்தது, இவனும் நகர்ந்தான், கேள்வி நகரவில்லை. அவள் தம்பி கல்யாணத்துக்குப் போக முடியாமல் இந்த ஊர்ப் பனியில் அழுதுகொண்டிருந்தபோது, "அண்ணன்னு நான் ஒருத்தன் இங்க இருக்கேன்ல" என்று சொல்லி, மனைவி செண்பகத்தையும் கூட்டிக்கொண்டு போய்ச் சீர்த்தட்டு வைத்துவிட்டு வந்தவன் இவன். அதிலிருந்து வாய்க்கு வாய் அண்ணா. அவள் பொய் சொல்வாளா? புருஷனுக்காக யார்தான் சொல்ல மாட்டார்கள். செண்பகமே எனக்காகச் சொல்வாளே. சொல்வாளா? செண்பகத்திடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நேராகப் பூங்கொடி வீட்டு வாசலில் போய் நிற்பாள், அப்புறம் ஊரே வேடிக்கை பார்க்கும். கிளப்பை விட்டுத் தூக்கினால் தூக்கட்டும், தட்டு சுடாமல் செத்தா போய்விடுவேன். ஆனால் எதற்காகத் தூக்குகிறார்கள், அதுதான் தாங்கவில்லை. மருந்தில் கவனமில்லாதவன். இந்தப் பேரை இந்த வெள்ளைக்காரர்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு பீர் குடிக்கப் போய்விடுவார்கள். அம்மா பட்டாசு ஆலையில் மருந்து ரூமில் வேலை பார்த்தவள். பக்கத்து வீட்டுப் பவுனம்மா அங்கே கருகிப்போன அன்றைக்கு, மேனேஜர் தெருவில் நின்று எல்லாரும் கேட்கிற மாதிரி, "அந்தப் பொம்பளைக்குக் கவனம் பத்தாது, கை தவறிருச்சு" என்றான். செத்தவள் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல முடியுமா? கலவையைத் தப்பாகச் சலிக்கச் சொன்னது மேனேஜர்தான் என்று அம்மாவுக்குத் தெரியும், சொல்ல முடியவில்லை, நாங்கள் நாலு பேர் சாப்பிட வேண்டுமே. பவுனம்மாவின் பிள்ளைகளைத் தெருவில் பார்த்தால் அம்மா தலையைக் குனிந்துகொண்டு போவாள். அப்படித் தலை குனிய வைக்கிற பேர் அது. அதை எனக்கு வைத்துவிட்டார்கள், செத்த பிறகு வைத்தாலும் சகிக்கும், உயிரோடு இருக்கும்போதே வைத்திருக்கிறார்கள்.

முன்னால் நின்ற குண்டு மனிதர் ரூத்திடம் எந்தப் பவுடர் ஈரத்தில் நிற்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பவுடர். ரூத்தும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இந்தப் பவுடர், அந்தப் பவுடர் என்றாள். இவனுக்கு அந்த நேரத்தில் அசட்டுத்தனமாகப் பூங்கொடியின் முகம் ஞாபகம் வந்தது. ஒரு முறை கராஜுக்குத் தோசைத் தட்டோடு வந்தவள், மெஷின்மேல் இருந்த டப்பாவில் அச்சடித்திருந்த பவுடர் என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இத்தாப் பெரிய டப்பாவுல பவுடர் போட்டு விக்கறாங்களே, எந்த மூஞ்சிக்குங்ணா போடறது?" என்று கேட்க, மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவளுக்குப் பவுடர் என்றால் முகத்துக்குப் போடுவதுதான். வால்ட்டரிடம் பவுடர் என்று அவள் எப்படிச் சொல்லியிருப்பாள்? அவளுக்கு ஆங்கிலமே பாலும் முட்டையும் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். டேவ் பவுடரைப் போட்டார் என்று சத்தியமாக அவள் வாயால் சொல்லியிருக்க முடியாது. தமிழில்தான் சொல்லியிருக்க வேண்டும். தமிழில் என்ன சொல்லியிருப்பாள்? தேவாண்ணன் மருந்து போட்டாரு. தேவாண்ணன்தான் மருந்து போட்டாரு. அட, ஆமாம்! போட்டேனே. ரிவால்வர் வெடித்துக் குப்புராஜ் கையைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டபோது, கிளப்பே வாயைப் பிளந்து நிற்க, ஓடிப்போய் முதலுதவிப் பெட்டியைப் பிடுங்கி வந்து, கட்டை விரலுக்குக் கீழே பிய்ந்து தொங்கின தோலை ஒட்டி வைத்து, மருந்தைக் கொட்டிப் பஞ்சு வைத்துக் கட்டினவன் நான்தானே. பூங்கொடி பக்கத்தில் நின்று "ஐயோ அண்ணா, ஐயோ அண்ணா" என்று அழுதுகொண்டே பார்த்தாளே. அவள் அதைச் சொல்லியிருக்கிறாள்! என்னைப் புகழ்ந்திருக்கிறாள் பாவி மகள்.

தெய்வேந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வரிசையில் நின்றபடியே. பின்னால் நின்றவர் இவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். ஆஸ்பத்திரிகளில் போனிலேயே மொழிபெயர்ப்பவர்களைக் கூப்பிடுவார்களே, எங்கேயோ உட்கார்ந்திருக்கிற எவனோ ஒருவன், துப்பாக்கி விபத்து என்று முன்கூட்டியே கேள்விப்பட்டவன், மருந்து என்றதும் வெடிமருந்து என்று போட்டுத் தாக்கியிருப்பான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, நம் மொழி அப்படி. உயிரை எடுப்பதற்கும் மருந்து, உயிரைக் கொடுப்பதற்கும் மருந்து. குப்புராஜ் அங்கே மயக்கத்தில் கிடந்திருப்பான், என்ன மொழிபெயர்த்தார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அந்த வாய் சும்மா இருக்குமா, வால்ட்டரைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் தமிழ் வகுப்பே எடுத்திருக்க மாட்டானா? நேற்று இரவெல்லாம் அவனை என்னென்னவோ நினைத்தேன். வாய்க்கு வந்தபடி மனசுக்குள் திட்டினேன். பூங்கொடியை அதைவிடக் கேவலமாக. கோபம் இறங்க இறங்கப் பசி ஏறியது. முகம் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளனிடம்கூட அவனுக்குப் பிரியம் பொங்கியது. ஞாயிற்றுக்கிழமை குப்புராஜே கூட்டத்தில் எழுந்து நின்று, எங்கள் பாஷையில் இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்று சொன்னால் தீர்ந்தது. அவன் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள், அவனைத் தவிர அங்கே வேறு யாருக்கு அது தெரியும். அப்படிச் சொல்லும்போது, பிறகு யார் போட்டது என்று வால்ட்டர் கேட்பாரே, அப்போது பாதுகாப்பு அதிகாரிப் பதவி என்னாகும், என்று ஒரு நினைப்பு வந்து எட்டிப் பார்த்தது. இவன் அதை வா என்று சொல்லவில்லை. ரூத் "டேவ், உனக்கு?" என்றாள். இவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. சிவப்பு, என்றான். கூப்பின் ரிவால்வருக்கும் சேர்த்தா என்று அவள் கேட்டாள், அவளுக்குத்தான் இவர்கள் பழக்கம் தெரியுமே. ஆமாம், அவன் புதிதாக ஒன்று வாங்குவான், இரண்டுக்கும் ஒரே மருந்து, இந்த முறை நான் சொன்னதுதான், என்று சொன்னான். மருந்து என்ற சொல் தமிழிலேயே வந்துவிட்டது. அவளுக்குப் புரியாவிட்டாலும் சிரித்தாள்.

டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசலோரம் மீன் தூண்டில்கள் மாட்டியிருந்த இடத்துக்கு ஒதுங்கி, குப்புராஜ் வீட்டுக்குப் போன் போட்டான். பூங்கொடிதான் எடுத்தாள்.

"அண்ணா, சொல்லுங்ணா. ரெண்டு நாளா வரவே இல்லீங்களே. சாப்ட்டீங்களா?"

"சாப்பிடுறேம்மா, அது கிடக்கு. அவன் கை எப்படி இருக்கு?"

"பரவால்லீங்ணா. தையல் வலிக்குதுன்னுட்டு உள்ள படுத்துருக்காங்க. நீங்க மட்டும் அன்னைக்கு மருந்து வெச்சுக் கட்டலைன்னா விரலே போயிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்களாமா."

"சரிம்மா. ஒண்ணு கேக்கணும். வால்ட்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தாருல்ல, அப்ப உனக்கும் அவருக்கும் நடுவுல போன்ல பேசுனது யாரு? தமிழ்க்காரரா, இல்ல வேற யாருமா?"

"போன்லயா? அதெல்லாம் எதுக்குங்ணா. இவங்கதான் முழிச்சுட்டு உக்காந்துட்டு இருந்தாங்கள்ல. அந்தப் பெரியவரு இங்கிலீஷ்ல என்னமோ கேட்டாரு. இவங்க என்னையப் பாத்து, யாரு மருந்து போட்டதுன்னு கேக்கறாரு, சொல்லுன்னாங்க. தேவாண்ணன்தான்னேன். வேற யாரு போட்டாங்க? அத்தன பேரும் மரமாட்ட நின்னுட்டு இருந்தாங்க, நீங்கதான ஓடியாந்தீங்க. இவங்க அதய அப்படியே அவருகிட்டச் சொன்னாங்க. அவரும் உங்க பேரச் சொல்லிச் சொல்லித் தலைய ஆட்டுனாருங்ணா. நம்ம அண்ணனப் பத்தி நாலு பேருகிட்ட நல்லவிதமாச் சொன்னமேன்னு எனக்குச் சந்தோசமாப் போச்சு."

யாரு மருந்து போட்டதுன்னு கேக்கறாரு, சொல்லு. தெய்வேந்திரன் அதை மனசுக்குள் குப்புராஜின் குரலில் சொல்லிப் பார்த்தான். ஒரு எழுத்துப் பொய் இல்லை. வால்ட்டர் கேட்டதும் அதுதான், அவன் கேட்டதும் அதுதான், அவள் சொன்னதும் உண்மைதான். பவுடர் யார் போட்டது என்று கேட்டிருந்தால் அவள் முழித்திருப்பாள். தோட்டாவில் யார் போட்டது என்று கேட்டிருந்தால் நீங்கதானே போட்டீங்க என்றிருப்பாள். அந்தக் கட்டிலில், கட்டுப் போட்ட கையோடு, நான் ஒட்டிவிட்ட தோல் இன்னும் ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று தெரியாத நேரத்தில், இரண்டு சொல்லையும் எடை போட்டுப் பார்த்து எடுத்திருக்கிறான். இரண்டுக்கும் ஆகிற மாதிரி. அதுவும் நான் கொடுத்த சொல். பவுடர் என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்குக் கேலி பேசிப் பேசிப் பழக்கிக் கொடுத்தேனே, அந்தச் சொல். அடப்பாவி, உனக்குப் பதவிதான் வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே. டேய் தேவா, நீ போட்டதாச் சொல்லிக்கடா என்று வாய் திறந்து கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? சொல்லியிருக்க மாட்டேன். திட்டியிருப்பேன், அம்மாவை நினைத்து ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்திருப்பேன், கடைசியில் சரி என்றிருப்பேன். அது உனக்குத் தெரியுமே. தெரிந்தும் கேட்கவில்லை. ஒன்றும் தெரியாத இந்தப் பெண்ணின் வாயிலிருந்து என் பேரை எடுத்து வால்ட்டர் கையில் கொடுத்திருக்கிறாய், அதுவும் அவள் அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருக்கும்போது. ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நின்று இது வேற மருந்து என்று கத்தலாம். டேவ் சொல்வது சரியா என்று வால்ட்டர் யாரைக் கேட்பார்? உன்னைத்தான். அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் நீ ஒருவன்தானே. இல்லை, இவளைக் கூப்பிட்டு வந்து நிறுத்தலாம். நிறுத்தி, உன் புருஷன் உன்னை வைத்து என்ன செய்தான் தெரியுமா என்று அத்தனை பேர் முன்னால் இவளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அண்ணன் வைத்த சீர்.

"அண்ணா? லைன்ல இருக்கீங்களா? ஏனுங்ணா, நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டனா?"

"இல்லம்மா" என்றான். "நீ சரியாத்தான் சொன்ன."

அந்தப் பக்கம் கட்டில் முனகுகிற சத்தம், பிறகு குப்புராஜின் குரல், யார் போன்ல என்று. தேவாண்ணன் என்றாள் அவள். பிறகு எப்போதும் போல, அந்தச் சண்டையில் ஜெயிக்கிற குரல் ஏதோ சொன்னது. அவள் சிரித்துக்கொண்டே போனுக்குத் திரும்பினாள்.

"மருந்து கெடச்சுதான்னு கேக்கறாங்கணா."

தெய்வேந்திரன் கக்கத்திலிருந்த டப்பாவைக் கையில் எடுத்து, தூண்டில்களுக்கு நடுவே காலியாக இருந்த இடத்தில் வைத்தான்.

"எந்த மருந்துன்னு கேளும்மா" என்றான்.

அவள் கேட்டாள். அவள் கேட்டது இவனுக்கு நன்றாகவே கேட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.